பூச்சிமருந்தே அடிக்காத தோட்டத்தில் புழுக்கள் எங்கே போயின?

வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 61. வீட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் தோட்டம்: பழமரங்கள், நடுவே காய்கறிப் பாத்திகள், சுற்றிலும் செடிகொடி மண்டிய வேலி. இருபது ஆண்டுகளாக அந்த மண்ணில் பூச்சிமருந்து ஒரு சொட்டும் விழுந்ததில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் மூட்டுவலி வந்தது. குனிந்து களையெடுக்க முடியவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. வேலியோரம், நடைபாதை, மரத்தடி என்று எல்லா இடத்திலும் ஆண்டுக்கு மூன்று முறை கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கத் தொடங்கினார். விடுமுறைக்கு வரும் பேத்தி, வேலியோர எருக்கிலிருந்து புழு எடுத்துக் கண்ணாடி ஜாடியில் வளர்த்து, வண்ணத்துப்பூச்சி ஆனதும் பறக்கவிடுவது வழக்கம். சென்ற ஆண்டு இரண்டே புழுக்கள் கிடைத்தன. இந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. “பாட்டி, நீ மருந்து அடிச்சுக் கொன்னுட்டியா?” என்று குழந்தை கேட்டுவிட்டது.

மருந்து விற்றவரோ, “இது செடிக்குத்தான் விஷம், பூச்சியை ஒன்றும் செய்யாது” என்று சொல்லியிருந்தார். புட்டியின் சீட்டிலும் தேனீக்களுக்கு ஆபத்து குறைவு என்றே அச்சிட்டிருக்கிறது. கணவர் வெயில் கூடிப்போனதுதான் காரணம் என்கிறார். மனம் கேட்காமல் இவர் நிறையப் பூச்செடிகள் வாங்கி நட்டார். வண்ணத்துப்பூச்சிகள் வந்து தேன் குடித்துவிட்டுப் போகின்றன. புழு மட்டும் இல்லை. அதே நேரம் பயறுக்கொடிகளில் என்றும் இல்லாத அளவுக்கு அசுவினிப் பூச்சி. பக்கத்து நிலத்துக்காரர் அகன்ற இலைக் களைகளுக்கு மருந்து அடித்த சில நாட்களில், எல்லையோரச் செடிகளின் தளிர்கள் கிண்ணம்போலக் குவிந்து சுருள்கின்றன. கொன்றது நான்தானா, நிறுத்தினால் புழுக்கள் திரும்புமா, பக்கத்து நிலத்துக்காரர் மீது புகார் கொடுக்கலாமா, இந்த மூட்டுவலியோடு களையை எப்படிச் சமாளிப்பது? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள அம்மாவுக்கு,

பேத்தி கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் உங்களை அதிகம் வருத்துவது அதுதான் என்று தெரிகிறது. நீங்கள் தெளித்த மருந்து உடலில் பட்டுப் புழு செத்திருக்க வாய்ப்பு குறைவு. பட்டினியால் செத்திருக்கலாம், அல்லது தாய்ப்பூச்சி முட்டையிட இடமில்லாமல் வேறெங்கோ போயிருக்கலாம். இரண்டுக்கும் தொடக்கம் அந்தத் தெளிப்புதான். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் இது திருத்த முடியாத தவறும் இல்லை, தெரிந்து செய்த தவறும் இல்லை. விற்றவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பூச்சியின் உடலைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது பூச்சியின் இலையைப் பற்றி.

“பூச்சியை ஒன்றும் செய்யாது” என்றால் என்ன?

கிளைபோசேட், செடிகளில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட நொதியை முடக்குகிறது. அந்த நொதி இல்லாவிட்டால் செடியால் மூன்று முக்கியமான அமினோ அமிலங்களைத் தயாரிக்க முடியாது. வளர்ச்சி நின்று மெல்ல வாடிப்போகும். பூச்சிகளின் உடலிலும் நம் உடலிலும் அந்த நொதி கிடையாது. “செடிக்குத்தான் விஷம்” என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. சீட்டில் உள்ள தேனீ வாசகத்துக்குப் பின்னால் இருப்பது ஆய்வகச் சோதனை. வளர்ந்த தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகில் மருந்தைக் கலந்து ஊட்டுவார்கள், அல்லது மேலே ஒரு துளி விடுவார்கள். இரண்டு மூன்று நாட்களில் எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். அந்தக் கூண்டில் தேனீக்கு உணவு தொடர்ந்து கிடைக்கும். தோட்டத்தில் நடப்பது வேறு. அங்கே மருந்து பட்டுச் சாவதே பூச்சியின் உணவுதான்.

உங்கள் எருக்கஞ்செடியில் என்ன நடந்திருக்கும் என்று நாள் கணக்கில் பார்ப்போம். பேத்தி வளர்த்தது, கடிதத்தில் நீங்கள் எழுதிய கருப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி ஒவ்வோர் இலையிலும் ஒன்றாக முட்டை வைக்கும். வெப்பமான நாட்களில் மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். புழு வளர்ந்து கூட்டுப்புழு ஆக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கிளைபோசேட் பட்ட செடியோ உடனே கருகுவதில்லை. சிறு செடிகள் வாடவே சில நாள் பிடிக்கும்; எருக்கு போன்ற பல்லாண்டுச் செடியில் இன்னும் தாமதம். தெளித்த மறுநாள் வரும் தாய்ப்பூச்சி பச்சை இலையைத்தான் பார்க்கிறது, முட்டையும் வைக்கிறது. புழு வெளிவந்து பாதி வளர்ந்த வேளையில் இலை மஞ்சளாகி உதிர்கிறது. அடுத்த எருக்கு வரை ஊர்ந்து போக அதனால் முடியாது. பக்கத்தில் எத்தனை வகைச் செடி பச்சையாக நின்றாலும் அதற்குப் பயனில்லை.

பூச்செடிகள் ஏன் போதவில்லை

பூச்செடி வாங்கி நட்டால் புழுக்களும் வரும் என்று நீங்கள் எண்ணியது இயல்பு. எனக்கு வரும் கடிதங்களில் மிக அதிகமாகக் காணும் தவறான எண்ணமும் இதுதான். வண்ணத்துப்பூச்சி பலவகைப் பூக்களில் தேன் குடிக்கும். புழு அப்படியில்லை. செடி தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை ஒரு செடிக் குடும்பத்தையோ, சில சமயம் ஒரே செடியையோ நம்பி வாழ்பவை. செடிகள் தம்மைக் காக்க இலையில் நச்சு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பூச்சி இனமும் நெடுங்காலமாக ஏதோ ஒரு நச்சைத் தாங்கப் பழகியிருக்கிறது. வெந்தய வரியன் புழு எருக்கம்பாலைத் தாங்குவதோடு, அதன் நச்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்துப் பறவைகளிடமிருந்து தப்புகிறது. இப்படிப் பழகிவிட்ட பூச்சிக்கு “வேறு இலை தின்னேன்” என்று சொல்லிப் பயனில்லை.

இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் கதையையும் சொல்லத் தோன்றுகிறது. ஆண் பூச்சி கருப்பாக, பெரிய வெள்ளைப் புள்ளிகளோடு, புள்ளியைச் சுற்றி நீலம் மின்ன இருக்கும். பெண் பூச்சியைப் பார்த்தால் வெந்தய வரியன் என்றே நினைப்பீர்கள். அப்படியே அதன் வேடம். தன்னிடம் நச்சு இல்லாவிட்டாலும், நச்சுள்ள பூச்சி என்று பறவைகள் எண்ணி ஒதுங்கிவிடும். இதன் புழு தின்னும் செடிகளில் முக்கியமானது பருப்புக்கீரை. பாத்தியோரத்தில் தரையோடு படரும் சதைப்பற்றுள்ள களை, நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வேலியோர எருக்கு போனால் வெந்தய வரியன் குறையும். அது குறைந்தால் பறவைகளுக்கு அந்த நிறத்தைக் கண்டு பயப்படக் காரணமும் குறையும். வேடம் போட்டவளுக்குப் பாதுகாப்பு போகும். பாத்தியோரப் பருப்புக்கீரையும் போனால் அவளுடைய பிள்ளைகளுக்குச் சோறும் போகும். நெருஞ்சியில் வளரும் சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சிகள், புல்லில் வளரும் பழுப்பு நிறத்தவை, மூக்கிரட்டையில் வளரும் பருந்து அந்துப்பூச்சி என்று இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். நாம் களை என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் பச்சை, அவற்றுக்குத் தனித்தனி வீடு.

தோட்டத்தில் நடந்தது ஒரு நாட்டின் அளவுக்கு நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மோனார்க் வண்ணத்துப்பூச்சி உதாரணம். வெந்தய வரியனுக்கு நெருங்கிய உறவு அது. அதன் புழு தின்பதும் எருக்கின் உறவுச் செடிகளைத்தான். சோளமும் சோயாவும் விளையும் நடுமேற்குப் பகுதி வயல்களில் அந்தச் செடி களையாக வளர்ந்துவந்தது. கிளைபோசேட்டைத் தாங்கும் சோயா 1996-இல் அங்கே விற்பனைக்கு வந்தது. பயிரின் மேலேயே மருந்தைத் தெளிக்கலாம் என்றானதும் வயலுக்குள் அந்தக் களை ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. 1999-க்கும் 2010-க்கும் இடையே அந்தப் பகுதியில் அந்தச் செடிகள் 58 சதவீதமும், அங்கிருந்து உருவாகும் மோனார்க்குகள் 81 சதவீதமும் குறைந்ததாகப் பிளெசன்ட்ஸ், ஓபர்ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். செடி குறைந்ததைவிடப் பூச்சி அதிகம் குறைந்ததற்குக் காரணம், வயலுக்குள் இருந்த செடிகளில்தான் தாய்ப்பூச்சிகள் அதிக முட்டை வைத்துவந்தன. குளிர்காலக் காடுகள் அழிவது, வறட்சி, பருவநிலை ஆகியவற்றுக்கும் இந்தச் சரிவில் பங்குண்டு என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணவர் சொல்லும் வெயிலையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் உங்கள் தோட்டத்தில் பூச்சி வருகிறது, புழு இல்லை. வெயில்தான் காரணம் என்றால் இரண்டும் குறைந்திருக்கும்.

அசுவினி ஏன் பெருகியது

“நல்ல பூச்சி போய்க் கெட்ட பூச்சி மட்டும் எப்படிக் கூடுகிறது?” என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல கேள்வி இதுதான். இதற்கு மூன்று வழிகள் உண்டு. உங்கள் தோட்டத்தில் மூன்றும் கலந்து நடந்திருக்கலாம்.

ஒன்று, இடப்பெயர்ச்சி. களைமேல் இருந்த பூச்சி களை வாடியதும் பயிருக்கு ஏறும். வெட்டுப்புழுக்கள் இப்படித்தான் வாடும் களையை விட்டு இளம் நாற்றுகளுக்கு வருகின்றன. களைக்கொல்லி அடித்துவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்தே விதைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எருக்கு மட்டுமே தின்னும் புழு சாகிறது. எதையும் தின்னும் பூச்சி இடம் மாறிப் பிழைக்கிறது. மிஞ்சுவது நம்மைத் தொந்தரவு செய்யும் கூட்டம்தான்.

இரண்டு, காவல் போனது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டு, அதன் உடலில் முட்டையிடும் மிகச்சிறிய குளவி, மிதவை ஈ ஆகிய எல்லாவற்றுக்கும் இடையிடையே தேனும் மகரந்தமும் வேண்டும், ஒதுங்க நிழல் வேண்டும், பயிரில் இரை இல்லாத நாட்களில் வேறு இரையும் வேண்டும். களைகளில் இருந்த, நமக்குத் தீங்கு செய்யாத அசுவினிகள்தான் அந்த இரை. வேலியோரம் மொட்டையானால் காவலர்களும் கிளம்பிவிடுவார்கள்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது. உங்கள் எல்லையோரச் செடிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. சாகாத அளவுக்குக் களைக்கொல்லி பட்ட செடி பழைய செடியாக இருப்பதில்லை. இலையின் சத்து மாறும், தற்காப்பு மாறும். 1976-இல் ஓகா, பிமென்டெல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், 2,4-டி என்ற களைக்கொல்லி தெளித்த மக்காச்சோளத்தில் அசுவினியும் தண்டுத்துளைப்பானும் தெளிக்காததைவிட அதிகமாக இருந்தன. பயிரைக் கொல்லாத மருந்து என்றுதான் அதைத் தெளித்தார்கள். பயிர் சாகவில்லை, பூச்சிக்கு ருசியாகிவிட்டது. நெல்லில் 2012-இல் வெளிவந்த ஆய்வு இதைவிடச் சிக்கலானது: அதே 2,4-டி பட்ட நெல் தண்டுத்துளைப்பானை எதிர்த்து நின்றது, ஆனால் புகையான் என்ற சாறுறிஞ்சும் பூச்சியைத் தன் பக்கம் இழுத்தது, கூடவே புகையான் முட்டையைத் தாக்கும் குளவியையும் இழுத்தது. ஒரே மருந்து, ஒரே செடி. ஒரு பூச்சிக்குத் தடை, இன்னொன்றுக்கு அழைப்பு. டைகாம்பா என்ற இன்னொரு களைக்கொல்லியை மிகக் குறைந்த அளவில், காற்றில் விலகி வரும் அளவில், முட்செடிகள்மேல் தெளித்துப் பார்த்த 2013 ஆய்வில் அந்தச் செடி தின்ற வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் எடை குறைந்தன. இதே மருந்தின் சிறு அளவு சில செடிகளில் பூக்களைக் குறைத்தது, பூக்கும் நாளைத் தள்ளிப்போட்டது, பூக்களுக்கு வந்த பூச்சிகளும் குறைந்தன என்று 2016-இல் காட்டினார்கள்.

நேரடி விஷம் முற்றிலும் இல்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். குளூஃபோசினேட் என்ற களைக்கொல்லி, அது பட்ட இலையைத் தின்ற புழுக்களை நேரடியாகவே கொல்லக்கூடியது என்று 2001-இல் கண்டார்கள். மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருட்களும் சிறு புழுக்களுக்கு ஆகாது. கிளைபோசேட்டிலும் ஒரு சுற்றுவழி உண்டு: பூச்சியின் உடலில் அந்த நொதி இல்லாவிட்டாலும், பூச்சிக்குள் வாழும் சில பாக்டீரியாக்களில் இருக்கிறது. தேனீயின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களைக் கிளைபோசேட் குறைப்பதாக 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. தானியத்தில் வாழும் ஒரு வண்டு, தன் ஓட்டைக் கெட்டியாக்கத் தேவையான பொருளுக்கு உள்ளே வாழும் பாக்டீரியாவை நம்பியிருக்கிறது. கிளைபோசேட் பட்டதும் பாக்டீரியா போய், ஓடு மெலிந்துபோனதை 2021-இல் கண்டார்கள். இவை ஆய்வக முடிவுகள். உங்கள் தோட்டத்தில் நடந்ததை விளக்க இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, இலை போனதே போதும் என்பது என் கருத்து.

நிறுத்தினால் திரும்புமா?

திரும்பும். எல்லாமே திரும்பும் என்றோ, அடுத்த விடுமுறைக்குள் திரும்பும் என்றோ வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மண்ணே விஷமாகிவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். கிளைபோசேட் மண்ணில் பட்டதும் மண்துகள்களோடு இறுக ஒட்டிக்கொள்ளும். வேர் அதை உறிஞ்சுவது மிகக் குறைவு. அதனால்தான் நீங்கள் ஆண்டுக்கு மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது: விதைகள் மறுபடி மறுபடி முளைத்தன. அதுவே இப்போது உங்களுக்கு நல்ல செய்தி. 1879-இல் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர், களை விதைகள் எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்று அறிய, இருபது புட்டிகளில் விதைகளை மண்ணோடு கலந்து அமெரிக்காவின் மிச்சிகனில் புதைத்துவைத்தார். 2021-இல் ஒரு புட்டியைத் தோண்டியெடுத்து விதைத்தபோது அதில் சில முளைத்தன. 142 ஆண்டுகள்! உங்கள் மூன்று ஆண்டுத் தெளிப்பு மண்ணுக்குள் இருக்கும் விதைச் சேமிப்பைக் காலி செய்திருக்காது. முதல் நல்ல மழைக்கே பருப்புக்கீரையும் மூக்கிரட்டையும் தலை நீட்டும். எருக்கு வேரிலிருந்து துளிர்க்கக்கூடியது. துளிர்க்காவிட்டால் விதை போடுங்கள், அல்லது வேறிடத்திலிருந்து ஒரு கன்று கொண்டுவந்து நடுங்கள்.

பூச்சிகள் திரும்புவது, அவை எவ்வளவு தூரத்தில் மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. வெந்தய வரியன் நன்றாகப் பறக்கும்; எருக்கு வந்தால் அதைத் தேடி வந்துவிடும். உங்கள் பூக்களுக்கு வண்ணத்துப்பூச்சிகள் இன்னும் வருகின்றனவே, அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. புல்லையே நம்பிக் கொஞ்ச தூரம் மட்டும் பறக்கும் சிறிய இனங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளாவது கொடுங்கள்.

தோட்டம் முழுவதையும் காடாக விட வேண்டுமோ என்றும் அஞ்ச வேண்டாம். இங்கிலாந்தில் கவுதாரிக் குஞ்சுகள் ஏன் பிழைப்பதில்லை என்று 1968 முதல் சசெக்ஸ் வயல்களில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். குஞ்சு பொரிந்த முதல் வாரங்களில் அது தின்பது பூச்சியை. பூச்சி தின்பது களையை. களையோ மருந்தில் போய்விட்டது. வயலின் ஓரத்தில் ஆறு மீட்டர் அகலத்துக்கு மட்டும் அகன்ற இலைக் களைக்கு மருந்தடிப்பதைக் கைவிட்டபோது குஞ்சுகள் அதிகம் பிழைத்தன. வயலின் நடுவில் விவசாயி வழக்கம்போல மருந்தடித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அங்கே யாரும் யாரையும் விவசாயத்தை விடச் சொல்லவில்லை.

மூட்டுவலியோடு களை

நீங்கள் களைக்கொல்லியை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. 61 வயதில், வலிக்கும் மூட்டோடு, இரண்டு ஏக்கரைக் கையால் கொத்தச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்கே களை உண்மையில் இடைஞ்சல் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

காய்கறிப் பாத்தியில் இடைஞ்சல்தான், அதுவும் பயிர் இளமையாக இருக்கும் முதல் பகுதியில்தான். பயிர் நிழல் விரித்த பிறகு வரும் களையால் விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை. அங்கே வைக்கோலோ சருகோ நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்குப் போட்டால் குனியும் வேலை பாதியாகும். நடைபாதைக்கு நீண்ட கைப்பிடி வைத்த களைக்கொத்து போதும், நின்றபடியே இழுக்கலாம். மரத்தடியில் வளர்ந்த மரங்களுக்குப் புல்லால் பெரிய நட்டமில்லை. கன்றுகளுக்கு மட்டும் அடியைச் சுற்றி ஒரு கை அகலம் சுத்தமாக இருக்கட்டும். வேலியோரம்தான் உங்கள் பூச்சிகளின் வீடு. அங்கே மருந்தே வேண்டாம்.

வேலியோரத்தை வெட்டலாம். ஆனால் ஒரே நாளில் முழு நீளத்தையும் வெட்டாதீர்கள். மருந்தைப் போலவே அதுவும் எல்லா இலையையும் ஒரேயடியாக எடுத்துவிடும். மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கை வெட்டி அது துளிர்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். தரையோடு மழிக்காமல் ஒரு சாண் உயரம் விடுங்கள். கூட்டுப்புழுக்கள் பலவும் அந்த அடித்தண்டுகளில்தான் இருக்கும்.

எதற்கும் அடங்காமல் வேரிலிருந்து மீண்டும் மீண்டும் வரும் களை ஒன்றிரண்டு இருந்தால், அந்தச் செடியில் மட்டும், துணியிலோ தூரிகையிலோ தொட்டுத் தடவுங்கள். சீட்டில் உள்ள அளவை மீற வேண்டாம், கையுறை கட்டாயம். தடவும் முன் இலையைத் திருப்பி முட்டையோ புழுவோ இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குச் செலவாகும் மருந்து நீங்கள் இப்போது அடிப்பதில் ஒரு சிறு துளிதான்.

பக்கத்து நிலத்துக்காரர்

கிண்ணம்போலக் குவியும் தளிர், 2,4-டி, டைகாம்பா போன்ற மருந்து காற்றில் வந்து பட்டதற்கான அடையாளம். கிளைபோசேட் பட்டால் பொதுவாகத் தளிர் வெளுக்கும் அல்லது மஞ்சளாகும். எனவே அந்தச் சேதம் உங்கள் மருந்தால் வந்ததாகத் தோன்றவில்லை. ஆனாலும் சில நச்சுயிரி நோய்களிலும் தளிர் சுருளும் என்பதால், ஒருமுறை நேரில் பார்க்கத் தெரிந்தவர் பார்ப்பது நல்லது.

புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளைச் சீட்டில் சொன்னபடிதான் பயன்படுத்த வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். அடுத்தவர் நிலத்தில் படாமல் தெளிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். புகார் நிற்க வேண்டுமானால் ஆதாரம் வேண்டும்: அவர் தெளித்த நாள், நேரம், காற்றின் திசை, மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் எடுத்த படங்கள், எல்லையிலிருந்து உள்ளே போகப் போகச் சேதம் குறைகிறதா என்ற குறிப்பு. இலை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் தாமதிக்கக் கூடாது. மருந்து இலைக்குள் சிதைந்துவிடும். சேதம் பூச்சிகளுக்கு என்று எழுதினால் அதை நிரூபிப்பது மிகக் கடினம். பயிருக்கு என்று எழுதுவதுதான் எடுபடும்.

ஆனாலும் என் யோசனை, முதலில் போய்ப் பேசுங்கள் என்பதுதான். மருந்து எல்லை தாண்டினால் அவருக்கும் காசு வீண். பேசும்போது கேட்க வேண்டியவை இவை: காற்று வீசும்போதும், காற்றே அசையாமல் புழுக்கமாக இருக்கும் விடியலிலும் அந்தியிலும் தெளிக்க வேண்டாம், நாசிலைத் தாழ்த்தி, பெரிய துளி விழும் வகையை மாட்டினால் புகைபோலப் பறக்காது, கடும் வெயில் நாளில் டைகாம்பா போன்றவை இலையிலிருந்து ஆவியாகியும் நகரும், எல்லையோரம் சில மீட்டரை விட்டுவிட்டால் இரு பக்கமும் நல்லது. நீங்களும் மூன்று ஆண்டுகள் இதையே செய்தீர்கள் என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் பேச்சு சண்டையாக மாறாது. இரண்டு முறை பேசியும் மாற்றம் இல்லையென்றால் புகாரை எழுத்தில் கொடுங்கள். அதற்குள் உங்கள் குறிப்பேட்டில் ஆதாரம் சேர்ந்திருக்கும்.

பேத்திக்கு ஒரு வேலை கொடுங்கள். பறக்கும் வண்ணத்துப்பூச்சியை எண்ண வேண்டாம். அது எங்கிருந்தும் வரலாம். வேலியோரத்தில் பத்தடிக்குப் பத்தடி இரண்டு சதுரம் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று மருந்து பட்ட இடம், இன்னொன்று பட்டிராத இடம், தோட்டத்தின் மூலையில் அப்படி ஏதாவது மிஞ்சியிருந்தால். ஒவ்வொரு விடுமுறையிலும் அவள் இரண்டிலும் இலையைத் திருப்பி முட்டை, புழு, கடித்த ஓட்டை மூன்றையும் எண்ணி எழுதட்டும். வெந்தய வரியனின் முட்டை குண்டூசித் தலையளவு, வெளிர் நிறம், பெரும்பாலும் இளம் இலையின் அடிப்புறத்தில் தனியாக ஒட்டியிருக்கும். புழு கிடைத்தால் ஜாடியில் வைக்கலாம், ஆனால் அது இருந்த செடியின் இலையையே நாள்தோறும் புதிதாகக் கொடுக்க வேண்டும். கடைசி மூன்று வாரத்தில் மருந்து பட்ட இடத்திலிருந்து, எவ்வளவு பச்சையாகத் தெரிந்தாலும், இலை பறிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவையுங்கள்.